வரப்பெலியா, வெள்ளெலியா: கள ஆய்வுக்கு எது?

காட்டு எலிகளின் பரிணாமத்தை ஆராய விரும்பும் நெல்லை விலங்கியல் மாணவர்கள் இவ்விரண்டிடையே தயங்குவதைக் காண்கிறேன்.

இருப்பிடம்: வரப்பெலி தாமிரபரணிப் பாசன வயல்களில் வாழ்கிறது, வெள்ளெலி திசையன்விளைப் பக்கத்துத் தேரி எனப்படும் செம்மணற்பரப்பு போன்ற வறண்ட நிலத்துக்குரியது.

கண்டறிதல்: வளைவாயில் புதுமண்ணைக் குவித்து, உள்ளே நெற்கதிர்களைச் சேமிக்கும் வரப்பெலியைப் பிசானப் பருவ நெல் அறுவடையின்போது எளிதில் காணலாம். வெள்ளெலிக்கு இரவில் காத்திருக்க வேண்டும்.

பரிணாமம்: இங்கேதான் வெள்ளெலி என்னைக் கவர்கிறது. பெரிய கண்கள், நீண்ட பின்னங்கால்கள், நுனியில் மயிர்க்கற்றையுள்ள நீண்ட வால், பள்ளக்கோடுள்ள மேல்வெட்டுப்பற்கள் ஆகிய அனைத்தும் அது வறண்ட நிலத்து எலிகளான ஜெர்பில்களின் கிளையைச் சேர்ந்தது என்பதைக் காட்டுகின்றன. வரப்பெலியோ வீட்டெலியின் கிளையைச் சேர்ந்தது. இரண்டும் மியூரிடே குடும்பத்தவை. பரிணாம ஆய்வுகளில் அடிக்கடி பேசப்படும் காட்டெலிகளான அமெரிக்க டியர்மவுசும் வோலும் கிரிசெட்டிடே என்ற வேறு குடும்பத்தவை என்பதால், அவற்றைப் பற்றிய முடிவுகளை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. ஆயினும் புளோரிடாவின் வெண்மணற்கரைகளில் டியர்மவுசின் நெருங்கிய உறவினமான எலிகள் வெளிறிய நிறம் பெற்றதை அறிந்தவர், தேரியின் செம்மண்ணில் வெள்ளெலியின் மயிர்நிறத்தை அளந்துபார்க்க ஆவல் கொள்வர்.

பாதுகாப்பு: வரப்பெலி எலிக்காய்ச்சல் கிருமியைச் சுமக்கக்கூடும்; எந்த எலியையும் கையுறையின்றித் தொடாதீர்கள்.

ஒரே பருவத்தில் இனப்பெருக்கத்தையும் பயிர்ச்சேதத்தையும் ஆராய்பவருக்கு வரப்பெலி ஏற்றது; தகவமைப்பை ஆராயப் பொறுமையுள்ளவருக்கு வெள்ளெலியையே பரிந்துரைப்பேன்.