கடலோரப் பள்ளியில் ஒரு 3டி பிரிண்டர்: ஈரம் குடிக்கும் பிலமென்ட்

பிளாஸ்டிக்கை உருக்கி வெளியே விடும் முனையான நாசிலையும் அதன்மேல் இருக்கும் டெஃப்லான் குழாயையும் மாற்றிய பிறகு, எங்கள் பள்ளி ஆய்வகத்தின் 3டி பிரிண்டர் மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கிறது. அச்சு பாதியில் இருக்கும்போது பிலமென்ட், அதாவது அச்சுக்கான பிளாஸ்டிக் இழை, குழாய்க்குள்ளேயே ஒடிந்துவிட்டது. இயந்திரத்துக்கு அது தெரியவில்லை. மாலைவரை வெறும் காற்றில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது. 200 டிகிரி சூட்டில் நாசிலுக்குள் தங்கிய பிளாஸ்டிக் வெளியேற வழியில்லாமல் கருகி, 0.4 மில்லிமீட்டர் துளையை அடைத்துக்கொண்டது. இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடலோரத்தில் பிஎல்ஏ என்ற வகைப் பிலமென்டைத் திறந்த ரோலில் மாட்டி அச்சிடும் எவருக்கும் இந்தத் தொல்லை உண்டு.

பிஎல்ஏ, மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தயாராகும் பிளாஸ்டிக். காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் ஊர் நாகப்பட்டினம் பக்கம். ஐப்பசி பிறந்தால் சுவரே வியர்க்கும். புதிதாகப் பிரித்த ரோல் நன்றாக வளைந்து கொடுக்கிறது. அதையே மழைக்காலத்தில் இயந்திரத்தின் மேல் விட்டுவைத்தால் முறுக்கு போலப் பொடுக்கென்று ஒடிகிறது. ஒடியாமல் நாசில்வரை போய்ச் சேர்ந்தாலும் நிம்மதி இல்லை. உள்ளிருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிப் படபடவென்று பொரியும் சத்தம் கேட்கும். நாசில் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகரும்போதெல்லாம் பின்னாலேயே நூல் நூலாக இழுபடும்.

இதற்கு அந்த நிறுவனத்தின் கையேட்டில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: உலர்ந்த இடத்தில் வைக்கவும். கார்த்திகை மாதத்தில் இந்தக் கடற்கரையில் உலர்ந்த இடத்துக்கு நான் எங்கே போவது? அச்சு விழும் தட்டைச் சமன் செய்வதற்குப் படங்களோடு பல பக்கம் எழுதத் தெரிந்தவர்களுக்கு, ஈரத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுத மனம் வரவில்லை. இந்தியாவில் விற்கிறார்கள், பள்ளிகளுக்கென்றே விற்கிறார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இதில்தான்.

மற்ற குறைகள் சின்னவை. மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. அந்த அடுக்கில் ஒரு வடு விழும், அவ்வளவுதான். பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும் என்பதால், அச்சிட்ட பொருளைச் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்கக் கூடாது.

நியாயமாகச் சொன்னால், இந்த இயந்திரம் எங்கள் வகுப்பில் நிகழ்த்தியதை வேறு எந்தக் கருவியும் நிகழ்த்தவில்லை. அதில் பெரும் பங்கு ஓப்பன்எஸ்கேட் என்ற இலவச மென்பொருளுக்கு உரியது. அதில் மவுஸால் வரைவதில்லை. நிரல் எழுதினால் உருவம் வருகிறது. ஓர் உருளையை எழுதி, பக்கங்களின் எண்ணிக்கையை 6 என்று கொடுத்தால் அறுகோண நட்டு. 12 என்றால் உருட்டலாம், ஆனால் தடதடக்கும். 100 என்றால் வட்டம் என்றே கண் நம்பிவிடும். மூன்றையும் அச்சிட்டு மேசையில் உருட்டிப் பார்த்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, வட்டத்தைப் பற்றி அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வந்தது பிரெய்ல் பலகை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நூலகக் கதவுக்குப் பெயர்ப்பலகை செய்ய முன்வந்தாள். பிரெய்லில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி சுமார் 2.5 மில்லிமீட்டர், ஓர் எழுத்தின் புள்ளிகள் அடங்கும் கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் சுமார் 6, புள்ளியின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இந்த அளவுகளை நிரலின் மேலே எழுதி, எழுத்துகளை ஒரு பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 6 மில்லிமீட்டர் தள்ளிப் புள்ளிகளை இடும்படி, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுழற்சி எழுதினாள். ‘நூலகம்’ என்பதற்கு ஆறு கட்டங்கள்: ந, ஊ, ல, க, ம, கடைசியில் மெய்யைக் காட்டும் புள்ளி. பார்வையற்ற மாணவன் ஒருவன் அவள் வகுப்பிலேயே படிக்கிறான். அவன் விரலால் தடவிவிட்டு, “புள்ளி மகரத்துக்கு முன்னால் வர வேண்டும்” என்றான். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் அப்படித்தான். மெய்யெழுத்தின் குறி எழுத்துக்கு முன்னே நிற்கும். பட்டியலில் இரண்டை இடம் மாற்றினாள், பலகை சரியாகிவிட்டது. “குத்துகிறது” என்றும் அவன் சொன்னான். பலகையைப் படுக்கவைத்து அச்சிட்டால் 0.2 மில்லிமீட்டர் அடுக்குகள் ஒவ்வொரு புள்ளியிலும் படிக்கட்டாக நிற்கும். நிறுத்திவைத்து அச்சிட்டோம். புள்ளி வழவழப்பானது. பிறகு பட்டியலை மட்டும் மாற்றி, ஆய்வகம், அலுவலகம் என்று அடுத்தடுத்து வந்தன.

இந்த வேலையில்தான் ஈரம் வந்து குறுக்கே நின்றது. பொம்மையில் ஒரு நூல் இழுபட்டால் பிய்த்துப் போடலாம். பிரெய்ல் பலகையில் நாசில் வடிக்கும் ஒரு சொட்டும் அரை மில்லிமீட்டர் உயரம்தான்; படிக்கிற விரலுக்கு அதுவும் ஒரு புள்ளி. ஒரு புள்ளி கூடினால் எழுத்தே வேறு. மழைக்காலத்தில் அச்சிட்ட பலகையை அந்தப் பையன் இரண்டு முறை தடவி, “இது என்ன எழுத்து?” என்று கேட்டான். அவனுக்கு நான் பதில் சொல்ல முடியாதபடி செய்தது ஒரு கையேட்டில் எழுதாமல் விட்ட அரைப் பக்கம்.

வழி இருக்கிறது. ரோலைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிவைக்க வேண்டும். அதன் நீல மணிகள் வெளிறி இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போட வேண்டும். ஏற்கெனவே ஈரம் குடித்த ரோலை 45 முதல் 50 டிகிரியில் ஐந்தாறு மணி நேரம் காயவைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். அதற்கென்றே உலர்த்தும் பெட்டி விற்கிறது. ஆனால் பிரிண்டருக்கு அனுமதி வாங்கிய பள்ளியில் உலர்த்தும் பெட்டிக்குத் தனியாக அனுமதி வாங்குவது எவ்வளவு பாடு என்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

2016இல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில், 6 முதல் 12ஆம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளுக்காகப் பல பள்ளிகளில் 3டி பிரிண்டர் வந்துவிட்டது. கடலூரில் பணிபுரியும் நண்பர் ஒருவர், விலை குறைந்திருக்கிறதே, தங்கள் பள்ளிக்கும் இதே மாடலை வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் சார் என்றுதான் சொன்னேன். தை மாதத்தில் கேட்டிருந்தால் ஒருவேளை வாங்குங்கள் என்றிருப்பேன். இப்போது மழை, கையில் பழுதுக்கான ரசீது. உலர்த்தும் பெட்டியையும் சேர்த்து ஒரே பட்டியலில் அனுமதி கிடைக்கும்வரை பிரிண்டரைத் தொடாதீர்கள். ஓப்பன்எஸ்கேடை மட்டும் இன்றே எல்லாக் கணினியிலும் நிறுவிவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் பலகை எழுதி முடித்ததும் கோப்பை எனக்கு அனுப்புங்கள். இங்கேயே அச்சிட்டு, அந்தப் பையன் தடவிப் பார்த்துச் சரி என்ற பிறகு அனுப்பிவைக்கிறேன்.