பம்பைக்கு கிளிக் போடாத ஸ்டுடியோ

சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குன்னு நானே எழுதி மெட்டு போட்ட பாட்டு ஒண்ணு ரெண்டு வருசமா போன்லயே கெடந்துச்சு, இந்த தடவை விடக்கூடாதுன்னு அஸ்தம்பட்டி பக்கம் ஒரு மாடி வீட்ல இருக்க ஸ்டுடியோவுக்கு போனேன். 1935லயே டி.ஆர்.சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கிற சினிமா ஸ்டுடியோவ ஆரம்பிச்ச ஊரு இது, இங்க ஒரு பம்பை மேளம் ரெக்கார்ட் பண்ண எடம் தேடி நான் ஒரு மாசம் அலைஞ்சேன், அந்த கடுப்பு தனி.

ஸ்டுடியோ அண்ணன் லைட் மியூசிக் ட்ரூப்ல கீபோர்டு வாசிச்சவரு. அப்புறம் கேசட்டுக்கு அம்மன் பாட்டு, அப்புறம் சிடி, இப்ப யூட்யூப் ஆல்பம். எழுதறதும் அவரே மியூசிக்கும் அவரே. பேரு கூட போடாம வெளிய வந்த பாட்டு எத்தனைன்னு கணக்கே இல்லப்பான்னு சிரிக்கிறாரு, எனக்கு தான் சிரிப்பு வரல.

நான் முன்னாடி போன எடத்துல பம்பைக்காரர் காதுல ஹெட்போன மாட்டி, ஒரே வேகத்துல டிக் டிக்னு ஓடற கிளிக் சத்தத்த கேட்டுகிட்டே வாசின்னாங்க, மனுசன் நாலு தடவை வாசிச்சும் சவசவன்னு தான் வந்துச்சு. சாமி பாட்டுக்கு வாசிக்கிறப்ப வேகம் தானா ஏறும், அத புடிச்சு கட்டி வச்சா என்ன ஆகும்? இந்த அண்ணன் கிளிக்கையே ஆஃப் பண்ணிட்டாரு. ரெண்டு பக்கமும் மைக் வச்சு மொத்தமா வாசிக்க விட்டுட்டு, அப்புறம் கம்ப்யூட்டர்ல பாட்டோட வேகத்த அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி, கீபோர்டையும் பேஸையும் பம்பை பின்னாடி ஓட விட்டாரு. கூட வாசிச்ச தப்பு மேளத்தோட தோல காய்ச்ச ஸ்டுடியோ உள்ள நெருப்பு போட முடியாதுல்ல, வாசல்ல வைக்கோல் கொளுத்தி காய்ச்சி காய்ச்சி ஓடி வந்து வாசிச்சாங்க, பக்கத்து வீட்டு அக்கா மட்டும் புகைக்கு திட்டுனாங்க.

இன்னொண்ணு, காசு வாங்கறதுக்கு முன்னாடியே உரிமை யாருக்குன்னு பேப்பர் எழுதிட்டாரு. முன்ன நின்னு செலவு பண்ணி எடுக்கறது நீ, மாஸ்டர், அதாவது அசல் பதிவு, உன்னுது, எந்த கம்பெனிக்கு பாட்ட குடுத்தாலும் எழுதுனவனுக்கும் மெட்டு போட்டவனுக்கும் ராயல்டி பங்கு உண்டு, 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்துனதுக்கு அப்புறம் அந்த உரிமைய எழுதி வாங்கவே முடியாது, போய் பாட்டு எழுதறவங்களுக்கும் மெட்டு போடறவங்களுக்கும் ராயல்டி வசூல் பண்ணி தர்ற ஐபிஆர்எஸ் சங்கத்துல மெம்பர் ஆகுன்னாரு. பேரு போகாத கேசட்டெல்லாம் மனசுல வச்சுகிட்டு தான் சொல்றாருன்னு நெனக்கிறேன்.

கொறையும் இருக்கு. கரண்டு போனப்ப யுபிஎஸ் தாங்கல, நல்ல டேக் ஒண்ணு போச்சு. என் குரல்ல சுருதிய சரி பண்ற ஆட்டோட்யூன் கொஞ்சம் தூக்கலா வச்சுட்டாரு, சொன்ன பிறகு தான் கொறச்சாரு. பத்து நாள்ல மிக்ஸ் தரேன்னவரு இருபத்திநாலு நாள் ஆக்கிட்டாரு, போன் பண்ணா பம்பை சத்தம் தான் பின்னாடி கேக்குது.

ஆடிக்கு பாட்டு வேணும்னா சித்திரை முடியறதுக்குள்ள போயிடுங்க.