நூறால் பெருக்கு: ஆறு வருட அனுபவம்

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். நர்ஸ்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு தொடங்கப் போகிறானாம். "யாருக்கு எவ்வளவு வொகாபுலரி இருக்குன்னு முதல்ல பார்க்கணும்டா. நீ வருஷா வருஷம் ஒரு டெஸ்ட் வைக்கிறியே, அது எப்படி?" என்று கேட்டான். அரை மணி நேரம் அந்த டெஸ்டைத் திட்டித் தீர்த்தேன். அதையே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் வைப்பது பால் நேஷனும் டேவிட் பெக்லரும் 2007இல் வெளியிட்ட வொகாபுலரி சைஸ் டெஸ்ட். மொத்தம் 140 கேள்விகள். ஒரு சொல்லும் அதன் கிளைச்சொற்களும் சேர்ந்தது ஒரு சொற்குடும்பம். அதிகம் புழங்கும் முதல் ஆயிரம் சொற்குடும்பங்களில் தொடங்கிப் பதினான்காம் ஆயிரம் வரை, ஆயிரத்துக்குப் பத்துக் கேள்வி. வாங்கிய மதிப்பெண்ணை நூறால் பெருக்கினால் தெரிந்த சொற்குடும்பங்களின் எண்ணிக்கை. ஜெராக்ஸ் காசு தவிர வேறு செலவில்லை.

அந்த நூறோடுதான் எனக்கு ஆறு வருடமாகச் சண்டை. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தாலும் சராசரியாக 35 சரியாக விழும். நூறால் பெருக்கினால் 3,500. ஒரு சொல்லும் தெரியாதவன் மூவாயிரத்து ஐந்நூறு சொற்குடும்பத்துக்குச் சொந்தக்காரன்! என் வகுப்பில் எதற்கும் அஞ்சாத ஒரு பையன் 6,300 வாங்கினான். சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் காலியாக விட்ட பெண்ணுக்கு 4,100. இருவரையும் அரைப் பக்கம் எழுதச் சொன்னேன். அவள் எழுதியது படிக்கும்படி இருந்தது. அவன் எழுதியதைப் பற்றி வேண்டாம். இதில் கொடுமை, நாவலோ நாளிதழோ தடையில்லாமல் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பம் வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்குப் போட்டிருப்பதை நானே வகுப்பில் சொல்லித் தொலைத்திருந்தேன். "அப்போ இன்னும் ரெண்டாயிரம்தான் சார் பாக்கி" என்றான்.

சொற்குடும்பம் என்ற கணக்கும் நம் ஊரில் இடறும். 'டெவலப்' தெரிந்தவனுக்கு அதன் கிளைகளும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறார்கள். என் மாணவர்களுக்கோ 'டெவலப்பர்ஸ்' தெரியும், மனை விற்கும் போர்டில் தினமும் பார்க்கிறார்கள். 'டெவலப்' என்று வினையாக வந்தால் விழிக்கிறார்கள். முதல் ஆயிரத்திலேயே 'பீரியட்' வரும், கஷ்டமான பீரியட் என்ற வாக்கியத்தில். சரியான விடை 'காலம்'. ஒருவன் 'கேள்வி' என்பதை டிக் அடித்திருந்தான். ஏன்டா என்றால், "கஷ்டமான பீரியட்னா கேள்வி கேக்குற பீரியட்தானே சார்?" அவனுக்குச் சொல் தெரியாது என்று என்னால் மனசாரச் சொல்ல முடியவில்லை.

திட்டிக்கொண்டே இருப்பதும் நியாயமில்லை. பார்த்த சொல்லின் பொருள் தெரிகிறதா என்பதை மட்டும்தான் இது அளக்கிறது. பேச வரும், எழுத வரும் என்று எங்கேயும் சொல்லவில்லை. கொடுத்திருக்கும் வாக்கியம் விடையைக் காட்டிக்கொடுக்காது. வியட்நாமிய மாணவர்களுக்காக 2011இல் இருமொழிப் பதிப்பு வந்தது தெரிந்து, நானும் முதல் ஐந்தாயிரத்துக்கான விடைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். அன்றுதான் எனக்கு உறைத்தது: பல பேர் தடுக்கி விழுந்தது சொல்லில் இல்லை, விடைகளில் இருந்த இங்கிலீஷில். தமிழ் விடை கொடுத்ததும் அந்த 4,100 பெண் பேனாவை நிறுத்தவே இல்லை. ஆறு வருடத்தில் இந்தத் தேர்வு எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

நடுவில் லெக்ஸ்டேல் என்ற இன்னொரு வொகாபுலரி டெஸ்ட் பக்கமும் போனேன். அறுபது சொற்கள், தெரியுமா தெரியாதா என்று சொன்னால் போதும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அறுபதில் இருபது இங்கிலீஷிலேயே இல்லாத போலிச்சொற்கள் என்பதுதான் பொறி. 6,300 பையன் 'மென்சிபிள்' தெரியும் என்றான். "சென்சிபிள் இருக்கே சார், மென்சிபிள் இருக்காதா?" வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அது ஓரளவு நன்றாக மொழி வந்தவர்களுக்கான தேர்வு. என் வகுப்புக்கு வைத்தது என் தப்பு.

கடைசியில் நண்பனிடம் சொன்னது இதுதான். உனக்கு வொகாபுலரி லெவல்ஸ் டெஸ்ட் போதும், 2001இல் ஷ்மிட்டும் மற்றவர்களும் திருத்திய பதிப்பு. ஆறு சொல், மூன்று பொருள், பொருத்த வேண்டும். குருட்டாம்போக்கில் அடிப்பது அவ்வளவு சுலபமில்லை. 2,000, 3,000, 5,000, 10,000 என்று அடுக்கு அடுக்காக இருக்கும், கல்விச் சொற்களுக்குத் தனிப் பகுதியும் உண்டு. ஓர் அடுக்கில் முப்பதுக்கு 26 வாங்கினால் அந்த அடுக்கு கைக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கே பாடம் தொடங்குவது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

"அப்போ ஜூன்ல நீயும் அதைத்தான் வைக்கப் போறியா?" என்றான்.

போன வருடம் வைத்தேன். வகுப்பே உம்மென்று இருந்தது. "ரெண்டாயிரத்துல 27, மூவாயிரத்துல 14 எல்லாம் சரி சார். எனக்கு மொத்தம் எத்தனை வார்த்தை தெரியும், அதைச் சொல்லுங்க" என்று விடாமல் கேட்டார்கள். அடுக்குக் கணக்கெல்லாம் அவர்களுக்கு வேண்டாம், வீட்டில் போய்ச் சொல்ல ஓர் எண் வேண்டும். நூற்று நாற்பது கேள்வியையும் நேற்றே நாற்பது செட் ஜெராக்ஸ் போடக் கொடுத்துவிட்டேன்.