பழைய புல்லட்டுக்கு களியக்காவிளை ஆசான்

அப்பாவின் 1974 புல்லட்டில் ஆறு மாதமாக ஆயில் ஒழுக்கு. வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஒழுக்கு நிற்கவில்லை, நட்டுகளின் மூலைதான் மழுங்கியது. வெறுத்துப்போய் களியக்காவிளை சந்தைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கும் ஆசானிடம் தள்ளிக்கொண்டு போனேன். போர்டு கிடையாது, கேட்டுத்தான் போகவேண்டும்.

குனிந்து பார்த்தவர், "எவன் சாரே இதுல பதினாலாம் நம்பர் போட்டது?" என்றார்.

இதில் இருப்பது விட்வொர்த், அதாவது பழைய பிரிட்டிஷ் அங்குல மரை. கால் அங்குல விட்வொர்த் நட்டின் அகலம் 13.3 மில்லிமீட்டர். 13 ஸ்பானர் ஏறாது. 14 ஆடும், மூலையைத் தின்றுவிடும். விட்வொர்த் ஸ்பானரில் பொறித்திருக்கும் எண்கூட நட்டின் அகலம் இல்லையாம், போல்ட்டின் தடிமனாம்! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க போல்ட்டும் பிரிட்டிஷ் நட்டும் சேராமல் பட்ட பாட்டில், 1948ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் 60 டிகிரி கோண மரைக்கு ஒத்துக்கொண்டன. விட்வொர்த் 1841லிருந்தே 55 டிகிரி. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்காரர்கள் அதற்கப்புறமும் வெகுகாலம் பழைய மரைகளை விடவில்லை. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து எண்ஃபீல்ட் இந்தியா தொடங்கியபோது, இங்கிலாந்தின் ரெடிச் ஆலையிலிருந்து புல்லட்டோடு அந்த அங்குலக் கணக்கும் கப்பலேறி வந்தது. ரெடிச் ஆலை 1967ல் மூடிவிட்டது. திருவொற்றியூரில் வண்டி ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

ஆசானிடம் மரையின் பல்லை அளக்கும் கேஜ் இருக்கிறது. ஒவ்வொரு மரையிலும் வைத்துப் பார்த்து, அங்குலத்துக்கு 26 பல் என்றால் அதற்குரிய டேப்பை (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்தார். கெட்ட நட்டுகளை மாற்றினார். பிறகு எஞ்சின் கவரைக் கழற்றி, கண்ணாடித் தட்டில் எமரி தாளை விரித்து, எட்டு எட்டாகச் சுழற்றித் தேய்த்தார். ஒழுக்குக்குக் காரணம் இடையில் வைக்கும் கேஸ்கெட் அடைப்பு இல்லை, கவர் வளைந்திருந்ததுதான். முன்னால் பார்த்தவர் கேஸ்கெட்டை மட்டும் மூன்று முறை மாற்றிக் காசு வாங்கியிருந்தார்.

குறையும் உண்டு. மூன்று நாள் என்றார், பதினொன்று ஆனது. போனை எடுக்கமாட்டார். ஞாயிறு மதியம்வரை கோயில் என்று கடை பூட்டு. பில் கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கம். 3,200 ரூபாய் வாங்கினார், எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. புது மெட்ரிக் வண்டியோடு போகாதீர்கள், தொடவே மாட்டார்.

இரண்டு மாதமாயிற்று, வண்டி நிற்கும் தரையில் சொட்டு இல்லை. போன வாரம் போய் அந்த கால் அங்குல ஸ்பானரை விலைக்குக் கேட்டேன்.

"வண்டியக் கொண்டு வாங்க சாரே, ஸ்பானர் வராது."