மெட்டல் டிடெக்டர் காயில்: நாலு வருஷமாகச் சுற்றிப் பார்த்ததில்

பழைய வீட்டு மரம் வாங்கி இழைக்கிற பட்டறை எங்களுடையது. காரைக்குடிப் பக்கம் வீடு பிரித்து வரும் பர்மா தேக்கில் ஆணி எங்கே ஒளிந்திருக்கும் என்று ஆசாரிக்கும் தெரியாது. இழைப்பு மெஷின் பிளேடு ஒருநாள் பல்லுடைந்த பிறகுதான் டிடெக்டர் நினைப்பே வந்தது.

நான் செய்தது 'பைரேட்' என்ற, வீட்டிலேயே செய்யக்கூடிய டிடெக்டர். 555 ஐசியும் ஐஆர்எஃப் 740 மாஸ்ஃபெட்டும் போட்ட பல்ஸ் வகை சர்க்யூட்: காயில் என்கிற கம்பிச் சுருளில் மின்சாரத்தை விட்டு விட்டு அறுத்து, அது அடங்கும் விதத்தை வைத்து உலோகத்தைக் கண்டுபிடிக்கும். இரும்பா, பித்தளையா என்று பிரித்துச் சொல்லாது. ஆணி தேடுகிறவனுக்கு அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. போர்டு ஒரே நாளில் முடிந்தது. காயில்தான் படுத்தியது.

மோட்டார் வைண்டிங் கடையில் 25 கேஜ் எனாமல் கம்பி கால் கிலோ வாங்கினால் எட்டு காயிலுக்குத் தாராளமாக வரும். 20 செ.மீ. விட்டத்தில் 25 சுற்று. மல்டிமீட்டரில் 1.4 ஓம் அளவில் காட்ட வேண்டும். அளப்பதற்கு முன் மீட்டரின் இரண்டு முனையையும் தொட வைத்துப் பாருங்கள், அதுவே 0.3 காட்டும். அதைக் கழிக்காமல் இரண்டு நாள் குழம்பியிருக்கிறேன். முதல் காயில் வேலை செய்யாததற்குக் காரணம் இன்னும் கேவலம்: எனாமலைச் சரியாகச் சுரண்டாமல் ஈயம் வைத்துவிட்டேன். பார்க்கப் பளபளவென்று ஒட்டியிருந்தது, உள்ளே தொடவே இல்லை.

அடுத்து, வெளி மின் இரைச்சல் குறையட்டும் என்று காயிலைச் சுற்றி அலுமினியத் தாளை ஷீல்டாக (மறைப்பாக) ஒட்டினேன். தாளின் இரு முனையும் ஒன்றையொன்று தொட்டு வளையமாக மூடிக்கொண்டன. அவ்வளவுதான், டிடெக்டர் தன் காயிலையே உலோகமாகப் பார்த்துக்கொண்டு செத்துப்போனது. ஷீல்டு என்று எது போட்டாலும் ஓர் இடத்தில் இடைவெளி விட வேண்டும். பல்ஸ் வகையில் இடைவெளி விட்டாலும் அலுமினியம் தொல்லைதான். கிழித்தெறிந்தேன். கேபிளையும் இரண்டு மீட்டரிலிருந்து முக்கால் மீட்டராகக் குறைத்தேன். ஷீல்டு கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் வரை சேர்க்கும், அது கூடக் கூட பல்ஸ் அடங்க நேரமாகி, சின்ன ஆணி தப்பிவிடும்.

இப்போது தினமும் எடுப்பது 10 செ.மீ. காயில். சுற்றளவு பாதியானதால் 37 சுற்று, சுமார் ஒரு ஓம். ஒன்றரை அங்குல ஆணி இரண்டு அங்குலம் உள்ளே இருந்தாலும் கத்துகிறது. காயில் மாற்றினால் அதன் குறுக்கே பல்ஸை அடக்க இருக்கும் ரெசிஸ்டரையும் மாற்றிப் பாருங்கள். 12 வோல்ட்தானே என்று காயில் முனையில் விரல் வைக்க வேண்டாம், பல்ஸ் அறுபடும்போது அங்கே சில நூறு வோல்ட் எழும்.

போன வருஷம் ஆக்கர் (பழைய சாமான்) கடையில் பெயரில்லாத காயில் ஒன்று கிடைத்தது. ஐந்து முள் பிளக். எந்த முள்ளுக்கு எந்த முள்ளோடு தொடர்பு என்று மீட்டரின் பஸ்ஸர் வைத்துக் காகிதத்தில் எழுதினேன். ஒரு ஜோடி 1.1 ஓம், இன்னொரு ஜோடி 38 ஓம். குறைவானது அனுப்பும் சுற்று, கூடியது வாங்கும் சுற்று, மிச்சமிருந்த முள் ஷீல்டு. ஆக, இது பல்ஸ் காயில் இல்லை, இரண்டு சுற்றும் ஒன்றையொன்று சமன் செய்யும் விஎல்எஃப் (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) வகை. என் போர்டுக்கு ஆகாது. பிளக் பொருந்துகிறது என்று மாட்டியிருந்தால் போர்டைப் பழி சொல்லியிருப்பேன். விஎல்எஃப் வைத்திருப்பவர்கள் கவனிக்க: வாங்கும் சுற்றின் இரண்டு வயரை மாற்றிப் போட்டாலும் சத்தம் வரும், ஆனால் இரும்பு அடையாளம் தலைகீழாகும். புதிய காயில்கள் சிலவற்றுக்குள்ளேயே சர்க்யூட் இருக்கும், அங்கே ஓம் கணக்கு ஏமாற்றும்.

எந்தச் சுற்றிலும் தொடர்பே காட்டாவிட்டால் காயிலைத் தூக்கிப் போடாதீர்கள். கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை வளைத்து வளைத்து மீட்டரைப் பாருங்கள். எனக்கு மூன்று தடவை அறுந்தது அங்கேதான். அனுப்பும் சுற்று உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பழைய மீடியம்வேவ் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துப் பக்கத்தில் கொண்டுபோங்கள், கொர்ரென்று கேட்கும்.

புதையல் எடுக்கலாமா என்று பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். 1878-ஆம் வருஷச் சட்டப்படி மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ளது கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது.

காயில்களை இப்போது அரால்டைட் ஊற்றி இறுக்கிவிட்டேன், தட்டினால் பொய்ச் சத்தம் வருவதில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் சுற்று, விட்டம், ஓம், தேதி மார்க்கரில் இருக்கிறது. தொடக்க முனைக்கு ஒரு முடிச்சு, கடைசி முனைக்கு இரண்டு.