மான் விரட்டியை நம்பி அரை மாதச் சம்பளத்தைத் தொலைத்தேன்

நேற்று மாலைதான் அந்தக் கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது: “உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.” அவ்வளவுதான். யார் விசாரித்தார்கள், யாரைக் கேட்டு முடித்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. என் அரை மாதச் சம்பளம் போனது போனதுதான். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மானிடமிருந்து தோட்டத்தை உண்மையில் காப்பது எப்படி என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால், மரங்கள் தொடங்கும் இடத்தை ஒட்டி எனக்கு ஒரு சிறிய தோட்டம். ஓர் அவரைப் பந்தல், ஆறு ரோஜாச் செடிகள், ஓரத்தில் சூரியகாந்தி. முதலில் அவரைக் கொழுந்துகள் காணாமல் போயின. பிறகு ரோஜா மொட்டுகள். வருவது எந்த விலங்கானாலும் முள்ளுக்கு அஞ்சி ரோஜாவை விட்டுவைக்கும் என்று நினைத்திருந்தேன். இளம் முள்ளோடு சேர்த்தே மென்றிருந்தது. முயலாக இருக்கும் என்றேன். அப்பா ஒரு தண்டை ஒடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “முயல் என்றால் கத்தியால் சீவியது போலச் சாய்வாக வெட்டியிருக்கும். இது பிய்த்திருக்கிறது. நார் தொங்குகிறது பார்” என்றார். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களுக்கும் மேலே உள்ள தடித்த ஈறுக்கும் இடையே கவ்வி இழுத்துத்தான் தின்னும். பாத்தியின் ஈர மண்ணில் இரட்டைக் குளம்புத் தடமும் பதிந்திருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உயரமாக வேலி போடு என்று அப்பா அன்றைக்கே சொன்னார். எனக்குச் சோம்பல். குழி தோண்டி, கம்பம் நட்டு, வலை இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குப் பதிலாக நான்கு பொத்தான்களை அழுத்தி ஒரு பெட்டியை வரவழைத்தேன்.

தோட்டப் பொருட்களை மட்டுமே விற்கும் இணையக் கடை அது. பெயரை எழுதவில்லை, எழுதினால் அது ஒரு தனி வம்பு. பொருள் இதுதான்: மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பி மானை விரட்டும் கருவி. சூரிய ஒளியில் தானே மின்னேற்றிக்கொள்ளும். எதிரே ஏதாவது அசைந்தால் ஒலி எழும், கூடவே புலிக் கண் போல இரண்டு சிவப்பு விளக்குகள் மின்னும். நான்கு கருவிகள் கொண்ட தொகுப்பின் விலை என் அரை மாதச் சம்பளம். பாராட்டி எழுதியிருந்த வாடிக்கையாளர்களில் எட்டுப் பேர் ஒரே நாளில் எழுதியிருந்தார்கள். கண் அதைப் பார்த்தது, மனம்தான் பார்க்கவில்லை.

அப்போதும் தயங்கித்தான் அவர்களுடைய எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் அவசரப்படவே இல்லை. என்னென்ன செடி, எந்தப் பக்கம் மரங்கள், மான் எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்டார். விடியலுக்கு முன்னும் அந்தி சாய்ந்த பிறகும் என்றேன். “ஆமாம் அக்கா, மானின் வழக்கமே அதுதான்” என்றார். விஷயம் தெரிந்தவர் என்று தோன்றிவிட்டது. தோட்டத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பத்தே நிமிடத்தில் அந்தப் படம் திரும்பி வந்தது. எந்தக் கருவியை எங்கே நட வேண்டும் என்று நான்கு சிவப்பு வட்டங்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அம்புக்குறி. ஒரு வட்டம் சரியாக என் அவரைப் பந்தலின் காலடியில் இருந்தது. “முப்பது நாளில் பலன் இல்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வரும். என் தங்கையின் தோட்டம் என்றாலும் இதையேதான் சொல்வேன் அக்கா” என்றார். நான் ஏமாந்தது அந்த வட்டங்களில். எனக்காக ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறாரே என்று உருகிப் பணத்தைச் செலுத்திவிட்டேன்.

வட்டம் போட்ட இடத்திலேயே நான்கையும் நட்டேன். முதல் இரண்டு இரவுகள் ஒன்றும் வரவில்லை. நல்ல மழை, மானும் எங்கோ ஒதுங்கியிருக்கும். நான் அதைக் கருவியின் வெற்றி என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த சில நாட்களில் ஓர் அவரைக் கொடி எட்டிப் பிடித்துக் கருவியின் கம்பத்திலேயே சுற்றி ஏறிவிட்டது. ஒன்பதாம் நாள் காலை போய்ப் பார்க்கிறேன், அந்தக் கொடியைக் கம்பத்திலிருந்து உரித்துத் தின்றிருக்கிறது. கருவியின் கழுத்து வரைக்கும் இலை இல்லை. சுற்றியிருந்த ஒரு துண்டு பச்சை நார் மட்டும் திருகுக்கு அடியில் மாட்டிக்கொண்டு ஆடியது. ஒலி வரும் துளைகளின் மேல் காய்ந்த எச்சில். நான் குனிந்ததும் புலிக் கண்கள் மின்னின. என்னை மட்டும் விரட்டத் தெரிந்திருக்கிறது.

அன்றே அழைத்தேன். “மான் இந்த ஒலியைப் புரிந்துகொள்ளப் பத்து நாள் பிடிக்கும் அக்கா.” பத்து நாள் கழித்து அழைத்தேன். அவர் விடுப்பில் இருக்கிறாராம், வேறொருவர் எடுத்தார். இவருக்கு நான் அக்கா இல்லை, ‘மேடம்’. மின்கலத்தை மாற்றிப் பாருங்கள் என்றார். சூரிய ஒளியில் ஓடும் கருவிக்கு எதற்கு நான் மின்கலம் வாங்க வேண்டும்? வாங்கினேன், அதுவும் என் காசு. பிறகு படம் கேட்டார்கள், அனுப்பினேன். படம் தெளிவாக இல்லை, காணொளி வேண்டும் என்றார்கள். விடியலில் குளிரில் உட்கார்ந்து, ஒரு பெண்மான் கருவிக்கு முன்னால் நின்று நிதானமாக மெல்வதை எடுத்து அனுப்பினேன். அதற்கு மூன்று நாள் பதில் இல்லை.

பிறகு வந்தது பதில்: “சேதம் முயலால் ஏற்பட்டதாகத் தெரிகிறது. எங்கள் கருவி மானுக்கு மட்டுமே.” காணொளியில் காது, கால், வால் எல்லாம் இருக்கிறது! பிய்ந்த தண்டு, குளம்புத் தடம் என்று நான் பக்கம் பக்கமாக எழுதினேன். அதற்குள் முப்பது நாள் முடிந்துவிட்டதாம். முப்பது நாளைப் பெட்டி என் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ண மாட்டார்கள், நான் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணுவார்களாம். பெட்டி வருவதற்கே எட்டு நாள் ஆனது. எதற்காகப் பத்து நாள் பொறுக்கச் சொன்னார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. கடைசியில் என் அரை மாதச் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு சலுகைச் சீட்டு அனுப்பினார்கள். அடுத்த முறை வாங்கினால் பத்து விழுக்காடு தள்ளுபடி. அடுத்த முறையாம்!

பணம் போன பிறகுதான் படிக்கத் தோன்றுகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் அங்குள்ள வெண்வால் மானின் கேட்கும் திறனை அளந்திருக்கிறார்கள். அதன் காது மிகக் கூர்மையாக இருப்பது 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை. அதாவது நமக்கும் நன்றாகக் கேட்கும் ஒலி. நமக்குக் கேட்காத மிக உயர்ந்த ஒலியோ காற்றில் சீக்கிரம் தேய்ந்துவிடும், இலை மறைத்தால் இன்னும் மோசம். நான் அதைப் பந்தலின் காலடியில், இலைகளுக்கு நடுவே நட்டிருந்தேன், வட்டம் போட்டுக் கொடுத்தபடி. அந்தச் சிவப்புக் கண்ணும் வீண். மானின் கண் நீலத்தை நன்றாகப் பார்க்கும், சிவப்பைப் பிரித்தறியும் செல் அதற்கு இல்லை. நமக்குக் கேட்காத ஒலியால் பூச்சி, எலிகளை விரட்டுவதாகச் சொல்லும் கருவிகளைப் பற்றிய விளம்பரங்களுக்காக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2001இலேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. இத்தனை வருடம் கழித்து, அதே சரக்கை மானுக்கு என்று சொல்லி என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். கோபத்தில் பாதி மறந்துவிட்டது, இருப்பதைச் சொல்கிறேன். வேலி எட்டடி உயரம் வேண்டும், அதற்குக் குறைந்தால் தாண்டும். அவ்வளவு உயரம் முடியாவிட்டால் இடுப்பைத் தாண்டிய உயரத்தில் இரண்டு வேலிகள், நடுவே நான்கைந்து அடி இடைவெளி; உயரத்தையும் அகலத்தையும் சேர்த்துத் தாண்ட மான் தயங்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கும் தெளிப்பு ஓரளவு பலன் தரும், ஆனால் மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும், புதுக் கொழுந்துக்கும் தனியாகத் தெளிக்க வேண்டும், பறித்துச் சாப்பிடும் காயின் மேல் வேண்டாம். ‘முப்பது நாள்’ என்று யாராவது சொன்னால் எந்த நாளிலிருந்து என்று எழுத்தில் வாங்குங்கள். பொறுங்கள் என்று சொன்னால் பொறுக்காதீர்கள். படத்தில் வட்டம் போட்டு அனுப்பினால் போனை வைத்துவிடுங்கள்.

அந்த அரை மாதச் சம்பளத்தில் வேலிக்கான கம்பம் அத்தனையும் வாங்கியிருக்கலாம். இப்போது கடனுக்கு வாங்கி நட்டுக்கொண்டிருக்கிறோம். கருவிகளின் நான்கு கம்பங்களையும் பிடுங்கி, வலையின் அடிப்பக்கம் தூக்காமல் இருக்க முளையாக அடித்துவிட்டேன், அதற்காவது ஆகட்டும். இருட்டிக்கொண்டு வருகிறது. மரங்களின் பக்கம் ஒரு மூலை இன்னும் திறந்துதான் கிடக்கிறது. அப்பா டார்ச்சோடு வாசலில் நின்று கூப்பிடுகிறார்.