கன்றுக்குச் சளி வராமல் தடுக்க எது நல்லது: அன்டிபயோட்டிக் ஊசியா, பெப்டைட்டா, பட்டியில் காற்றா?

நுவரெலியா, அட்டன் பக்கம் மழையும் பனியும் சேர்ந்தால் கன்றுகள் இருமத் தொடங்கும். மன்ஹைமியா, பாஸ்டுரெல்லா போன்ற பக்டீரியாக்கள் சுகமான மாட்டின் மூக்கிலேயே இருப்பவைதான். மாடு களைத்த நேரம் பார்த்து நுரையீரலுக்கு இறங்கும்.

நோய் வந்த கன்றுக்கு அன்டிபயோட்டிக்தான் உயிர் காக்கும், அதில் பேச்சே இல்லை. வருமுன்னே எல்லா மாட்டுக்கும் போடுவது வேறு விஷயம். வட அமெரிக்கப் பெரும் பண்ணைகளில் பல மருந்துக்கும் மசியாத மன்ஹைமியா இப்போது உண்டு. கறவை மாட்டுக்குப் போட்டால், மருந்து உடம்பை விட்டு நீங்கும்வரை பாலை விற்கவும் முடியாது. பால் காசை நம்பியிருக்கும் தோட்டக் குடும்பத்துக்கு அது பெரிய அடி.

தடுப்பூசி? கன்னொருவை கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் தயாராவது தொண்டை அடைப்பான் நோய்க்கு. அந்த நோயும் பாஸ்டுரெல்லாவால் வருவதுதான், ஆனால் வேறு வகை. கன்றின் சளிக்காய்ச்சலுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

பெப்டைட் என்பது, கிருமியைக் கொல்ல மாடு தன் உடம்பிலேயே செய்யும் சிறு புரதம். 38 அமினோ அமிலங்கள் கொண்ட ‘டாப்’ பெப்டைட்டை 1991இல் மாட்டின் மூச்சுக்குழாயில்தான் கண்டுபிடித்தார்கள். பக்டீரியாவின் உறையில் ஒட்டி அதையே உடைத்துவிடும். அதனால் பக்டீரியாவிடம் எதிர்ப்புத்திறன் எளிதில் வளராது. ஆனால் சோதனைக்குழாயில் நன்றாகக் கொல்லும் இந்த வகைப் பெப்டைட்டுகள், உடம்பின் உப்பில் வலுவிழக்கின்றன, நொதிகளால் சிதைகின்றன. தயாரிப்புச் செலவும் அதிகம்.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்டு பட்டபோது, மாட்டின் மூச்சுக்குழாய்ச் செல்கள் ‘டாப்’ செய்வதைக் குறைத்துக்கொண்டன. குளிர், பயணம் போன்ற நெருக்கடியில் உடம்பு சுரக்கும் ஹோர்மோனும் அதே இனம். அப்படியானால் நடுங்கும் கன்று, தாயைப் பிரிந்து லொறியில் வந்த கன்று எல்லாம் தன் சொந்தக் காவலையே இழக்கக்கூடும்.

ஆகவே என் காசு முதலில் பட்டிக்குத்தான். குளிருக்குப் பயந்து தகரமும் உரச்சாக்கும் வைத்து நாலு பக்கமும் அடைத்துவிடுகிறோம். காலையில் கதவைத் திறந்தால் மூத்திர நெடி கண்ணைக் கரிக்கும். அந்த அமோனியா மூச்சுக்குழாயை அரித்துவிடும். கன்று படுக்கும் உயரத்துக்குக் காற்றை மறையுங்கள், கூரைக்கடியில் ஒரு முழம் திறந்துவிடுங்கள், தரையில் காய்ந்த மானாப்புல் போடுங்கள். பிறந்த ஆறு மணித்தியாலத்துக்குள் சீம்பால் கொடுங்கள்: 30 கிலோ கன்றுக்கு 3 லீட்டர். ஒரு நாள் கடந்தால் அதிலுள்ள எதிர்ப்புச்சக்தியைக் குடல் உறிஞ்சாது.

பெப்டைட் தெளிப்பு கடைக்கு வந்தால், வெளியிலிருந்து லொறியில் வாங்கிவரும் கன்றுக்கு முதலில் அடிப்பேன். அதுவரை இருமும் கன்றுக்கு மட்டும், டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள் முழுக்க ஊசி.